பேச்சு விழாத நாட்கள்

தமையன் வீடு மாறினான் என்பதற்காக ஒரு ஆண்பிள்ளை படுக்கையில் விழுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் யோகராணி சிரித்திருப்பாள். மாறிய இடம் ஒன்றும் கடல் கடந்ததில்லை. நகரத்துக்குள் இருக்கிற பார்க்டேலிலிருந்து நகரத்துக்குக் கிழக்கே பிக்கரிங். ரயிலேறினால் ஒரு மணித்தியாலம் யன்னலைப் பார்ப்பதற்குள் போய் இறங்கலாம். ஆனாலும் அவளுடைய புருஷன் நவரட்ணம், நாற்பது தாண்டிய மனிசன், தமையன் பொன்னம்பலத்தின் சாமான் ஏற்றிய லொறி தெருமுனையில் திரும்பும்வரை பல்கனியில் நின்று கை காட்டிவிட்டு, உள்ளே வந்து படுத்தவன்தான்.

அதுவரை தமையன் குடும்பம் அதே கட்டடத்தில் நாலு மாடி கீழே இருந்தது. நவரட்ணம் வேலைக்குப் போனது தமையனின் காரில். வேலை செய்ததும் தமையன் நின்ற பிளாஸ்டிக் ஃபக்டரியில், அதே ஷிஃப்டில். பின்னேரம் தேத்தண்ணி குடித்தது அண்ணியின் குசினியில். கார் ஓடப் பழகவில்லை, அண்ணை ஓடுகிறார்தானே. இங்கிலீஷ் வகுப்புக்குப் போகவில்லை, அண்ணை கதைப்பார்தானே. பொன்னம்பலம் பிக்கரிங்கில் வீடு வாங்கி, அங்கேயே ஒரு கடையும் எடுத்து, ஃபக்டரியை விட்ட கிழமை நவரட்ணமும் ஃபக்டரியை விட்டான். காரணம் கேட்டதற்கு, "தனியப் போய் என்னெண்டு நிக்கிறது?" என்றான்.

யோகராணிக்கு அது மனிதப் பேச்சாகவே படவில்லை. அவள் மிசிசாகாவில் ஒரு பெயின்ற் கம்பனியின் ஆய்வுகூடத்தில் நிறம் ஒப்பிடுகிறவள். விடியற்காலை தன் காரை எடுத்துக்கொண்டு போய், வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளையைப் பிரித்துப் பார்த்து, எது சரி எது பிழை என்று சொல்லிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் விட்ட இடத்திலேயே சாரத்தோடு ஒரு மூட்டை கிடக்கும். பக்கத்தில் ரெலிஃபோன். பிக்கரிங்குக்கு எடுத்துக்கொண்டே இருப்பான். எடுக்கிறவரின் இலக்கம் தெரிகிற ஃபோனை அண்ணி வாங்கிவிட்டாள் என்பதும், இவன் இலக்கம் கண்டால் எடுப்பதில்லை என்பதும் யோகராணிக்குத் தெரியும். அண்ணியை அவள் குறை சொல்லமாட்டாள். தானும் அதைத்தான் செய்திருப்பாள்.

"எழும்புங்கோ. முகத்தைக் கழுவுங்கோ. ஊரில செல்லடிக்குள்ள இருந்த சனம் உப்பிடிப் படுக்கேல்ல" என்று தினமும் பேசுவாள். அவன் கண்ணைத் திறந்து, அவள் வந்துவிட்டாள் என்பதில் ஒரு சின்ன ஆறுதலோடு அவளைப் பார்ப்பான். திட்டு வாங்குகிறவனின் முகமாக அது இருப்பதில்லை. சாப்பாடு கிடைத்தவனின் முகமாக இருக்கும். அது அவளை இன்னும் எரிச்சற்படுத்தும். ஒரு பிடியை விடுவதற்கு முதல் மற்றப் பிடியைத் தேடுகிற பிறவி. முதலில் தாய், பிறகு தமையன். இனித் தன்னில்தான் படரப்போகிறது என்று நினைக்க அவளுக்கு அருவருத்தது.

தன்மேல் அவளுக்கு இருந்த இளக்காரத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் அதை அவள் இளக்காரம் என்று நினைத்ததில்லை, ஒழுங்கு என்று நினைத்தாள். மருத்துவத்துக்கு எடுபடாமல் விஞ்ஞானம் படிக்கப் போனவள் அவள். அந்தப் பெறுபேறு வந்த நாளில் தகப்பன் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் அதை மறந்து, செத்தும் போய்விட்டார். அவள் மறக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் தலை இழுக்கும்போதுகூட முந்தின நாள் எங்கே வழுக்கினாள், யாரிடம் அசட்டுத்தனமாகச் சிரித்தாள் என்று தனக்குத்தானே பாடம் நடத்திவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

கோடையில் குடும்ப வைத்தியர் நவரட்ணத்தை ஒரு மனநல டொக்டரிடம் அனுப்பினார். மொழிபெயர்க்க யோகராணி போனாள். டொக்டர் இளம் வெள்ளைக்காரப் பெண். தடித்த கம்பளிக் காலுறையும் செருப்பும் போட்டிருந்தாள். அவளுடைய மெல்லிய குரலே யோகராணிக்குப் பிடிக்கவில்லை. நோயாளிக்கு முன்னால் தானும் அரைவாசி படுத்துக்கொண்டு கதைப்பதுபோல ஒரு குரல்.

தனியாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று டொக்டர் கேட்டாள்.

"தனிய இருக்கேக்க நான் இருக்கிறனோ எண்டு எனக்கே தெரியிறேல்ல" என்றான் நவரட்ணம்.

யோகராணி அதை, அவருக்குப் பொழுது போவதில்லையாம் என்று இங்கிலீஷில் சொன்னாள். டொக்டர் அவன் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தாள். நடந்ததற்கெல்லாம் தன்னைத்தானே குற்றம் சொல்கிறாரா, தான் எதற்கும் உதவாதவன் என்று நினைக்கிறாரா என்று கேட்டாள். அதை யோகராணி ஒரு சொல்லும் குறையாமல் தமிழில் சொன்னாள். அவளுக்கும் மறுமொழி கேட்க ஆசையாக இருந்தது.

"என்னையோ? நான் என்ன பிழை விட்டனான்?" என்றான் நவரட்ணம். உண்மையாகவே திகைத்துப்போனான். தான் நல்ல மனிசன், நன்றாகச் சமைப்பான், சாப்பிடத்தான் ஆளில்லை என்று விளக்கமும் சொன்னான்.

இப்படியும் ஒரு சீவன் இருக்குமா என்று யோகராணி அவனைப் பார்த்தாள். வேலையில்லை, வெட்கமில்லை, தன்மேல் ஒரு குறையும் இல்லை.

வெளியே வரும்போது டொக்டர் அவளிடம் தனியாக ஒன்று சொன்னாள். சிலர் யாராவது தங்களை விட்டுப் போனால் விழுவார்கள். சிலர் தாங்கள் வைத்த அளவுக்குத் தாங்களே எட்டாதபோது விழுவார்கள். வருகிற வழி வேறு, வந்து படுக்கிற கட்டில் ஒன்றுதான். நீங்கள் எந்தப் பக்கம் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கு விழ நேரமில்லை என்று சொல்லிவிட்டு யோகராணி கைப்பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்தாள்.

மருந்தோ என்னவோ, நவரட்ணம் எழும்பத் தொடங்கினான். மருந்தைவிட அவனை எழுப்பியது ஜவாஹிர்தான் என்பது யோகராணியின் எண்ணம். கட்டடத்தின் கீழே பலசரக்குக் கடை வைத்திருந்தவர் ஜவாஹிர், புத்தளத்துக்காரர், வாயாடி. தேசிக்காய் வாங்கப் போன நவரட்ணத்தை ஒருநாள் மீன் வெட்ட விட்டார். மறுநாளும் வரச் சொன்னார். கொஞ்ச நாளில் வீட்டில் ஜவாஹிர் பேச்சுத்தான். அவருடைய ஆட்கள் அண்ணையை நானா என்பார்கள், இவனும் அப்படியே கூப்பிட்டான். ஜவாஹிர் நானா இப்படிச் சொன்னார், ஜவாஹிர் நானா அதைச் சாப்பிடமாட்டார். அண்ணை இருந்த இடத்தில் நானாவைத் தூக்கி வைத்துவிட்டான், அவ்வளவுதான் என்று யோகராணி நினைத்தாள். இருந்தாலும் மூட்டை கட்டிலை விட்டு இறங்கியது அவளுக்கு வசதியாக இருந்தது. அதே நேரம் பின்னேரங்களில் ஏசுவதற்கு ஒன்றுமில்லாமல் ஒரு வெறுமையும் இருந்தது.

இலை கொட்டுகிற காலத்தில் அவள் கையெழுத்திட்டு அனுப்பிய ஒரு தொகுதி பெயின்ற் திரும்பி வந்தது. ஒரு விடுதிக்குப் போன பெயின்ற் அது. அறைகளுக்கு நடுவே போகிற ஓடையின் சுவர்களில் பாதியை அடித்தபிறகுதான் அடுத்த வாளியின் வெள்ளை முந்தின வெள்ளை இல்லை என்று கண்டிருக்கிறார்கள். முதல் வெள்ளையில் ஒரு துளி மஞ்சள் கூடிவிட்டது. மேலதிகாரி, இது எல்லோருக்கும் நடப்பதுதான், ஆய்வுகூடத்தின் விளக்கும் பழசு, மாற்றச் சொல்லியிருக்கிறேன் என்றான். அவள் தோளில் தட்டினான். பிழையைப் பிழை என்று சொல்லத் தெரியாத அந்த மனிதனை யோகராணி மனதார வெறுத்தாள். அவன் ஏசியிருந்தால் ஒருவேளை அவள் தப்பியிருப்பாள். அவன் ஏசாததால் அந்த வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

காரில் போகும்போதும் வரும்போதும் ஏசினாள். நீ ஊரில் விஞ்ஞானம் படிப்பித்த பிள்ளைகள் உன்னைப் பார்க்கவேண்டும். மஞ்சளும் வெள்ளையும் தெரியாத உனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு. நித்திரை குறைந்தது. சாப்பாடு தொண்டையில் நின்றது. வேலைக்கு நேரத்தோடு போய், ஒப்பிட்டதையே திரும்பத் திரும்ப ஒப்பிட்டாள். பிறகு ஒரு கட்டத்தில் அந்த உள்குரல்கூட அலுத்து நின்றது. அது நின்றதும் நிம்மதி வரும் என்று நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. எல்லாம் ஒரே நிறமாகிப்போனது.

யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் சீலை மடிப்புக் குலையாமல் கோயிலுக்குப் போனாள். வேலைக்கு ஒருநாளும் பிந்தவில்லை. கண்டுபிடித்தவன் நவரட்ணம்.

அன்று அவன் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு நானாவோடு ஃபோனில் இருந்துவிட்டான். பானை கருகி, புகை எச்சரிக்கை மணி அடித்து, பக்கத்து வீட்டுச் சனம் கதவைத் தட்டி ஓய்ந்தபிறகு யோகராணி வேலையால் வந்தாள். அவன் மூலையில் நின்று காத்திருந்தான். அவள் பானையைப் பார்த்தாள். கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"இஞ்ச பாரும், ஏன் என்னைப் பேசேல்ல?" என்று கேட்டான்.

"என்னத்துக்கு?"

"சோத்தை எரிச்சுப்போட்டன்."

"பரவாயில்லை."

கலியாணம் முடித்த காலந்தொட்டு அந்தச் சொல்லை அவள் வாயால் அவன் கேட்டதில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே தன் நாளைக் கணித்தவன் அவன். யார் தன்னை விட்டுப் போகப்போகிறார்கள் என்பதை மட்டும் அவனுக்கு முன்கூட்டியே மோப்பம் பிடிக்கத் தெரியும். கொஞ்ச நாளாகத் தனக்குப் பேச்சு விழவேயில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் துலங்கியது. அடுத்தநாள் காலை தமையனுக்கும் எடுக்காமல், நானாவையும் கேட்காமல், சுவரில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் பார்த்துத் தானே டொக்டரின் கந்தோருக்கு ஃபோன் எடுத்தான்.

தன்னுடைய வழக்கமான சந்திப்பு என்று பொய் சொல்லித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். டொக்டருக்கு முன்னால் இருந்ததும் அவளை முந்திக்கொண்டு, "மை வைஃப் நோ ஷவுட்டிங். லோங் ரைம் நோ ஷவுட்டிங்" என்றான்.

டொக்டர் சிரிப்பாள் என்று யோகராணி எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. கதிரையைத் திருப்பி யோகராணியைப் பார்த்தாள். யோகராணி தன் நல்ல இங்கிலீஷில், வேலை கூடிவிட்டது, கொஞ்சம் களைப்பு என்றாள். டொக்டர் விடவில்லை. வேலையில் என்ன நடந்தது என்று கேட்டாள். யோகராணி சுருக்கமாகச் சொல்லத் தொடங்கி, சுருக்கமாக முடிக்க முடியாமல், விளக்கு, வாளி, ஓடைச் சுவர் என்று எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் தன்னுடைய பிழை ஒரு கட்டடத்தில் காய்ந்துபோய்க் கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு சனம் நடக்கிறது என்றாள். இதையே உங்களோடு வேலை செய்கிற இன்னொரு பெண் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று டொக்டர் கேட்டாள். மன்னித்திருப்பேன் என்று சொல்லவேண்டும், அதற்காகத்தான் கேட்கிறாள் என்று யோகராணிக்கு விளங்கியது. மலிவான தந்திரம். அவளுக்கும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்றாள். அது உண்மையும்தான்.

டொக்டர் தலையை ஆட்டினாள். பிறகு, உயிரோடு இருப்பதில் விருப்பமில்லாமல் இருந்திருக்கிறதா என்று அதே மெல்லிய குரலில் கேட்டாள்.

யோகராணி டொக்டரின் காலுறையைப் பார்த்துக்கொண்டு ஒரு வசனம் சொன்னாள்.

"என்ன சொன்னனீர்?" என்றான் நவரட்ணம்.

மொழிபெயர்க்க வேறு ஆளில்லை. போனமுறைபோல மாற்றியும் சொல்லலாம், அவனுக்குத் தெரியப்போவதில்லை. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஹைவேயில வரேக்க ஸ்ரியறிங்கைச் சும்மா விட்டால் என்னெண்டு யோசிச்சனான் எண்டு சொன்னனான். ஒருநாள் இல்லை. கனநாள்."

நவரட்ணம் அவள் கோட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்தது பிடித்தபடி இருந்தான்.

அன்றே கார்த் திறப்பை டொக்டரின் முன்னிலையில் அவனிடம் கொடுக்க வேண்டியிருந்தது. கார் ஓடத் தெரியாதவனிடம் திறப்பு. காரை ஜவாஹிர் வந்து எடுத்துப்போனார். இவர்கள் தெரு ரயிலான ஸ்ரீட்காரில் திரும்பினார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வேலைக்குப் போகவில்லை. மருந்து எடுத்தாள். முதல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். கிழமைக்கொரு முறை டொக்டரிடம் போனாள், போகும்போதெல்லாம் கேள்விகளை இகழ்ந்துகொண்டுதான் போனாள். நவரட்ணம் அவளைத் தனியே விடவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, ஜவாஹிர் கடைக்கு என்ன மீன் வந்தது என்று உரத்துச் சொல்லிக்கொண்டிருப்பான். இது தியாகமில்லை, பயம் என்று அவளுக்குத் தெரியும். அவள் போய்விட்டால் அவனுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. கோயிலில் பெண்கள், நல்ல மனிசன், பெண்சாதியை என்ன மாதிரிப் பார்க்கிறார் என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் நின்றுவிட்டால் அவளும் தண்ணீரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அதை டொக்டரிடம் சொல்லவில்லை.

பனி கரைகிற நேரத்தில் அரைநாள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அந்தச் சித்திரையில் பொன்னம்பலம் இரண்டு பேரையும் பிக்கரிங்குக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். புது வீடு. மாபிள், சாமியறை, காலணி வைக்கத் தனி அறை. ஆண்கள் வெளியே புல்லைப் பார்க்கப் போனபிறகு, அண்ணி அவளுக்குப் பாயாசம் வார்த்தபடி ஆறுதல் சொன்னாள். உவரை வைச்சு எவ்வளவு நாளாய் இழுக்கிறீர், பாவம், எங்களுக்குத் தெரியாதே, ஃபோனை எடுத்தால் வைக்கமாட்டார், ஒட்டினால் ஒட்டினதுதான், பிறகு வருத்தக்காரன் எண்டு வேற பேர்.

அதில் ஒரு சொல்கூட யோகராணி நினைக்காததில்லை. எல்லாம் அவளுடைய சரக்கு. ஆனால் அண்ணியின் கொழுத்த வாயிலிருந்து வரும்போது அது சகிக்கமுடியாத மட்டமாக இருந்தது. இவ்வளவுதானா, இதைச் சொல்ல இவளே போதுமா என்று நினைத்தாள்.

"வருத்தம் எனக்குத்தான், அக்கா" என்றாள். "நான்தான் மருந்து குடிக்கிறன். குளிர் முழுக்க நான்தான் படுத்துக் கிடந்தனான். அவர் பார்த்தவர்."

அண்ணியின் கரண்டி நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்து, பாயாசத்துக்குச் சீனி போதுமோ என்று கேட்டாள்.

திரும்பும் ரயிலில் ஏரிப்பக்க யன்னலோரம் இருந்தார்கள். பின்னேர வெயில் தண்ணீரில் கிடந்தது. யோகராணி அண்ணியிடம் சொன்ன வசனங்களை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள். 'படுத்துக் கிடந்தனான்' என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. குரல் நடுங்கியது. 'அவர் பார்த்தவர்' என்பதில் ஒரு நாடகத்தனம். ஸ்கார்பரோ வரும்வரை திருத்தினாள். பக்கத்தில் நவரட்ணம் வயிறு முட்டத் தின்ற களைப்பில் நித்திரையாகி, வாயைத் திறந்தபடி அவள் தோளில் சாய்ந்தான். தோள் நோகத் தொடங்கியது. இப்படியும் ஒரு மனிசன் ஊர் பார்க்க நித்திரை கொள்வானா என்று நினைத்தாள். இறங்குகிற யூனியன் ஸ்ரேஷன் வரட்டும், எழுப்பலாம் என்று விட்டுவிட்டாள்.