தொடர்பு அறுந்தால் ஏறும்

...அதுவும் இவள் எழுதின விதிகளைப் பற்றி, இவளைக் கோப்பி ஊத்துற மெஷினுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டு, கூட்ட அறைக்கு உள்ளே இருந்து கதைக்கிறார்கள், என்ன மனிசர் இவங்கள், அனஸ்ரேசியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆளில்லா விமானங்களும் பயணிகள் விமானங்களும் ஒரே வானத்தில் மோதாமல் பறப்பது எப்படியென்று ஆராய இந்த நாட்டு அரசாங்கம் கேட்ட நாளிலிருந்து அந்த விதிகளை எழுதினது ஆர்? இவள்தானே? இன்றைக்கு அமைச்சிலிருந்து ஆட்கள் வந்ததும், பாதுகாப்பு அனுமதி உள்ளவர்கள் மட்டும் உள்ளே, உனக்கு இன்னும் வரவில்லை, மன்னித்துக்கொள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஏன் வரேல்லை... இரவீந்திரனைக் கட்டினதாலை. ஊரில், வன்னியில் அவன் இருந்த வருஷங்களை உறுதிப்படுத்த ஏலாதாம். இப்ப அங்கை சண்டை, ஆரைப் போய் விசாரிக்கிறது? பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிச்ச மனிசன். நேற்று குரோருட்டில் இருக்கிற வீட்டில் இதைச் சொன்னபோது அவன் மெல்ல, "என்னாலைதானே, என்ன?" என்றான். அவனை அப்படிக் கேட்கவைத்த ஆத்திரமும் இவங்கள் மேலைதான்.

கதவு திறந்தது, ஹோக்கன், பக்கத்து மேசைக்காரன், நல்ல பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு. முதலே ஒருக்கா வந்து கேட்டுக்கொண்டு போனவன், வெட்கமில்லாமல் திரும்பவும் வாறான், இந்த முறை வாயைத் திறக்கிறதில்லை, உள்ளுக்கை இருக்கிற பெரிய ஆக்களைக் கேக்கட்டும்... "அனஸ்ரேசியா, தரையோடை தொடர்பு அறுந்தால் ஆளில்லா விமானம் என்ன செய்யும் எண்டு கேக்கினம்." சொல்லாதை, சொல்லாதை... ஆனால் அடுத்த மாதம் திராமன் நகரத்துப் பக்கம் உண்மையாகவே பறக்கவிடப் போகிறார்களே, அங்கத்தை ஆற்றோரம்தானே, இதுக்கு நேர் மேலாலை, அம்புலன்ஸ் ஹெலிகொப்டர் தாழப் பறக்கிறது, உள்ளே ஒரு நோயாளி, ஒரு தாதி... வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. "ஏறும், உயரத்திலை தொடர்பு திரும்பக் கிடைக்கும். ஆனால் மேலை வேறை ஒண்டும் இல்லையெண்டு பார்த்த பிறகுதான். இல்லாட்டி அந்த உயரத்திலையே வட்டமடிக்கவேணும்." ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு போனான், கதவு முழுக்கச் சாத்துப்படவில்லை.

சீ, என்ன பிறவி நான், கேட்ட உடனே கொட்டிவிடுகிறேன், கொஞ்சமாவது ரோசம் வேண்டாமா... தன்னையே திட்டிக்கொண்டு எழும்பினபோது கதவு நீக்கலால் ஹோக்கனின் குரல் வந்தது, நாங்கள் அதை யோசித்திருக்கிறோம், தொடர்பு அறுந்தால் ஏறும், உடனேயே ஏறும். நாங்களாம். அது கிடக்கட்டும், மற்றப் பாதி எங்கை? பார்த்த பிறகு எண்டு சொன்னனே, அது எங்கை? சொல்லுவான், இப்ப சொல்லுவான்... வேறொரு குரல், நல்லது, அப்படியே முடிவாக்குவோம், அடுத்ததுக்குப் போவோம். மடையா, அந்த ஹெலிகொப்டருக்குள்ளை ஆக்கள் இருக்கினமடா. ஓடிப்போய்க் கதவில் பலமாகத் தட்டினாள். உள்ளே பேச்சு நின்றது, கதிரை ஒன்று பின்னால் நகர்ந்தது, யாரோ எழும்பி வருகிற சத்தம், அப்போதுதான் உறைத்தது, உள்ளே சொன்னது பிழையென்று உனக்கு எப்படித் தெரியும், அதைத்தான் முதலில் கேட்பார்கள், ஹெலிகொப்டர் பிறகுதான்... அனுமதி இல்லாத ஒருத்தி, வன்னியிலிருந்து வந்தவன்ரை மனுசி, கதவடியில் நின்று ஒட்டுக் கேட்டிருக்கிறாள்.