இரண்டாம் ஆய்வகம்

என் தங்கையின் கழுத்திலிருந்து தைராய்டு சுரப்பியை அகற்றி இரண்டாண்டுகள் ஆகின்றன. கட்டியைப் புற்றுநோய் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் கதிரியக்க அயோடின் கொடுத்து, நான்கு நாள் தனியறையில் அடைத்துவைத்தார்கள். அதன்பின் எங்களுக்கு எஞ்சியது ஒரே ஓர் எண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் ஒரு புரதத்தை அளப்பார்கள். சுரப்பியே இல்லாத உடம்பில் அது அநேகமாக இருக்கவே கூடாது. ஏறினால், எங்கோ ஏதோ மிச்சமிருக்கிறது என்று பொருள்.

அந்த எண்களை நான் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். முப்பத்தோராண்டு ஓர் அலுவலகத்தின் ஆவண அறையை நிர்வகித்தவள் நான். தேதி, நேரம், மாத்திரையின் அளவு அனைத்தும் கோடு போட்ட கட்டங்களில் இருந்தன. 0.4, 0.3, 0.4. இம்முறை 1.1.

மருத்துவர் தாளை இருமுறை புரட்டிப் பார்த்தார். "இது வேற லேப் ரிப்போர்ட்டா இருக்கே. ஏம்மா மாத்துனீங்க?"

நான் கையிலிருந்த நோட்டை மூடினேன்.

மாற்றியவள் நான். மருத்துவமனைக்கு எதிரிலிருந்த பழைய ஆய்வகத்தில், கவுன்ட்டரிலிருந்த பெண் ஐம்பத்திரண்டு என்ற வயதை இருபத்தைந்து என்று அடித்திருந்தாள். திருத்தித் தந்த தாளில் வயது சரியாக இருந்தது. ஆனால் என் தங்கை ஆணாகியிருந்தாள். வரிசையில் பத்துப் பேர் நிற்க, "வேலைக்கு வரும்போது மூளைய வீட்டுலயே வச்சிட்டு வந்துடுவியா?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. எனக்கு அதுவும் போதவில்லை. அடுத்த முறை, இரண்டு தெரு தள்ளித் திறந்திருந்த புதிய ஆய்வகத்துக்குத் தங்கையை அழைத்துச் சென்றேன். தரை பளபளத்தது. அறிக்கையில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

"நான்தான் டாக்டர் மாத்தினேன்," என்றாள் தங்கை. "அங்க உக்கார ஒரு நாற்காலி கிடையாது. காலு வலிக்குதேன்னு இங்க போயிட்டேன்."

மருத்துவர் பேனாவை மூடினார். "ஒவ்வொரு லேப் மிஷினும் கொஞ்சம் வேற மாதிரி அளக்கும். இது நெஜமாவே ஏறியிருக்கா, மிஷின் மாறினதால அப்படித் தெரியுதான்னு என்னால சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சுப் பழைய லேப்லயே குடுங்க. ஸ்கேனும் எடுத்து, ரெண்டையும் சேர்த்துப் பாப்போம்."

படியிறங்கும்போது தங்கை சிரித்தாள். அவள் தையற்கடை வைத்திருப்பவள். "புரிஞ்சுதாக்கா? நம்ம கடையில பழைய டேப் இழுபட்டுக் கெடக்கு, புது டேப் வெறைப்பா இருக்கு. ஒண்ணுல அளந்து இன்னொண்ணுல வெட்டினா, ஆளு குண்டாயிட்டாளா துணி சுருங்கிடுச்சான்னு சண்டைதான் மிச்சம்."

"பழிய நீ ஏண்டி ஏத்துக்கிட்ட?"

"அவங்க உன்னத் திட்டுவாங்க. உன்னத் திட்டுற உரிமை எனக்கு மட்டும்தான்."

ஆனால் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு உறக்கமாவது வந்திருக்கும்.

அந்த மூன்று மாதமும் அவள் கடையைப் பூட்டவில்லை. கேட்டவர்களிடம், "மதில்மேல் பூனை. எந்தப் பக்கம் குதிக்கும்னு பூனைக்கே தெரியாது," என்றாள். தழும்பை மறைக்கும் உயரமான காலர் வைத்த சட்டைகளையே அணிந்தாள். ஒரு நாள் வெட்டுமேசையில் இரண்டு கைப்பகுதிகள் கிடந்தன. இரண்டுமே இடக்கைக்கு உரியவை. முப்பதாண்டுத் தொழிலில் அவள் அப்படி வெட்டியதில்லை. நான் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

பழைய ஆய்வகத்தில் அதே பெண் இருந்தாள். "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடும்மா," என்றேன்.

அவள் திரையிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை. "வயசு?"

"ஐம்பத்திமூணு."

இப்போது நிமிர்ந்தாள். என் பக்கத்தில் நின்ற தங்கையை நன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஆணா, பெண்ணா?"

"இப்போதைக்குப் பொண்ணுதான்மா," என்றாள் தங்கை. அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நான் தலைகுனிந்து நின்றேன்.

எண் வந்தது: 0.7.

"ஏறுற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு," என்றார் மருத்துவர். "ஸ்கேன்ல நாலு மில்லிமீட்டர்ல ஒரு நெறிக்கட்டி தெரியுது. ஊசி போட்டுப் பாக்குற அளவுக்குப் பெருசில்ல. நடுவுல அந்த ஒரு ரீடிங் இதே லேப்ல இருந்திருந்தா, எந்த வேகத்துல போகுதுன்னு தெரிஞ்சிருக்கும். இனிமே புதுசாத்தான் கணக்கு வைக்கணும். ஆறு மாசம் பொறுங்க."

கடைக்குத் திரும்பினோம். நான் நோட்டைப் பிரித்து 1.1 என்ற எண்ணைக் கோடிட்டு அடித்தேன். அதன் கீழே 0.7 என்று எழுதினேன்.

"அக்கா, அந்த நோட்டக் குடு."

கொடுத்தேன்.

"இனிமே நானே வச்சுக்கறேன்."

"நீ ஒழுங்கா எழுத மாட்டியேடி."

"எழுத மாட்டேன்தான்." அவள் குரலில் கோபம் இல்லை. "என் கழுத்து. தொலையறதா இருந்தா என் கையாலயே தொலையட்டும்."

மேசையின் இழுப்பறையைத் திறந்து, பொத்தான்களுக்கும் நூல்கண்டுகளுக்கும் உடைந்த சாக்பீஸ் துண்டுகளுக்கும் நடுவே நோட்டைத் திணித்தாள். அட்டையின் ஒரு மூலை மடங்கி வெளியே நீட்டிக்கொண்டது. இழுப்பறை முழுதாக மூடவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தாமல் இயந்திரத்தின் முன் அமர்ந்து மிதிக்கத் தொடங்கினாள்.

அந்த மூலையை நிமிர்த்திவிட என் விரல்கள் துடித்தன. கைகளை மடியிலேயே வைத்திருந்தேன்.