நல்ல எலி

ஹெர்பர்ட்டை அடக்கம் செய்த அடுத்த மாதமே அவர் மனைவி கிருபாவதி கார் ஓட்டப் பழகினாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சபையார். கல்லறைக்கும் பாடகர் குழுவுக்கும் இன்னொருவர் தயவில் போவதைவிடப் பேதலித்த புத்தியே மேல் என்று அவள், வீடு இருந்த தாபோடியிலிருந்து பாலம் தாண்டி, போபோடி நெரிசலுக்குள் வண்டியை விட்டாள். குளிர்காலம் முழுவதும் வண்டி சொன்னபடி கேட்டது.

ஏப்ரல் வெயிலில் முதன்முதலாக ஏசியைப் போட்டாள். முன்பலகையில் இருந்த விளக்கெல்லாம் கிறிஸ்துமஸ் மரமாக எரிந்தன. ஸ்டியரிங் அம்மிக்கல்லாகக் கனத்தது.

மூன்று முறை பழுது பார்த்தும் அப்படியே. பெங்களூரிலிருந்து மகன் கிரேக் போனில், வழக்கம்போல் இந்தி கலந்து, தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"பஸ், போதும் மம்மி. இந்தத் தடவையும் சரி ஆகலன்னா காடிய வித்துடலாம். ரிக்‌ஷால போங்க. டாடி இருந்தா அவரே வித்திருப்பார்."

"உங்க டாடியா? வளைஞ்ச ஆணியக்கூட நிமித்தி டப்பாவுல போட்டு வைக்கிற மனுஷன்லே அவரு. விப்பாராம்!"

சர்வீஸ் சென்டரில் கோகுல்நாத் என்ற கோயம்புத்தூர் இன்ஜினியர் இருந்தான். முதல் முறையே டேப்லெட்டை வண்டியில் சொருகி விளக்கியிருந்தான்.

"இன்ஜினுக்கு, பிரேக்குக்கு, ஸ்டியரிங்குக்குன்னு தனித்தனியா கம்ப்யூட்டர் பெட்டி இருக்குதுங்க ஆண்ட்டி. எல்லாம் ரெண்டே ரெண்டு வயர்லதான் பேசிக்கும். இப்ப ஒண்ணுக்கொண்ணு பேச்சு இல்லைங்க."

"தப்பு யாரு மேல?"

"பிரேக் பதில் சொல்லலைன்னு இன்ஜின் சொல்லுதுங்க. ஸ்டியரிங் பதில் சொல்லலைன்னு பிரேக் சொல்லுது. ஸ்டியரிங் இன்ஜினைக் கை காட்டுது."

"எங்க சபைக் கமிட்டியேதான்" என்றாள் கிருபாவதி.

அன்று ஸ்டியரிங் பெட்டியை மாற்றினார்கள். அடுத்து பிரேக் பெட்டி, அதற்கடுத்து இன்ஜின் பெட்டி. ஒவ்வொரு முறையும் அவள், "ஏசி போட்டாத்தான் வருது" என்று சொன்னாள். ஏசி வேறு டிபார்ட்மென்ட் என்றார்கள். ஏசி டிபார்ட்மென்டிலிருந்து ஒருவர் வந்தார். ஏசியைப் போட்டார். கையை நீட்டிப் பார்த்து, "ஏக்தம் டண்டா", நல்ல குளிர்ச்சி, என்று கையெழுத்திட்டுப் போனார். அவர் கண்முன்னே அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. விளக்கு அவர் டிபார்ட்மென்ட் இல்லை.

நான்காம் முறை முன்பலகையையே கழற்றிப் போட்டார்கள். உள்ளே வயர்கள் குடலாகத் தொங்கின. ஓரிடத்தை மட்டும் கோகுல்நாத் பெருமையோடு காட்டினான்.

"எங்க கம்பெனி ஃபிட்டிங்கைப் பாருங்க ஆண்ட்டி. எத்தனை நீட்டா இருக்குது!"

ஸ்கேல் வைத்து இழுத்த கோடுபோல் இரண்டு வயர்கள். கூடவே தடித்த வயர் ஒன்று. மூன்றையும் சேர்த்து, விரற்கடைக்கு ஒரு முடிச்சாக, மெழுகு தேய்த்த வெள்ளை நூல்.

கிருபாவதிக்கு அந்த முடிச்சு தெரியும். அவள் மூக்குக்கண்ணாடிக் கயிற்றிலும் கிழிந்த பாட்டுப் புத்தகத்தின் முதுகிலும் அதே முடிச்சுதான். போன மழைக்காலத்தில், ஏதோ கிரீச்சிடுகிறது என்று ஹெர்பர்ட் இரண்டு நாள் இந்தப் பலகைக்குக் கீழேதான் தலையை விட்டுக் கிடந்தார். வெளியே வந்ததும், "எவனோ அவசரத்துல முறுக்கி விட்டிருக்கான். சரி பண்ணிட்டேன்" என்றார்.

"தம்பி, மத்த இடத்துல எல்லாம் இந்த ரெண்டு வயரும் சடை மாதிரி முறுக்கிக்கிட்டுல்லா இருக்கு?"

"அது முறுக்கித்தானுங்க இருக்கோணும். பக்கத்து வயரோட இரைச்சல் உள்ளே புகுந்து பேச்சைக் கெடுக்காம..."

கோகுல்நாத் சொல்லை முடிக்காமலே குனிந்து, தடித்த வயரைத் தடவிக்கொண்டே போனான். அது ஏசிக் காற்றாடிக்குப் போயிற்று.

அரை மணி நேரத்தில் இரண்டு வயர்களையும் மறுபடி முறுக்கினார்கள். தடித்ததைத் தள்ளிக் கட்டினார்கள். ஏசி முழு வேகத்தில் ஓடியது. ஒரு விளக்கும் எரியவில்லை.

வேலையை முடிக்க டேப்லெட் காரணம் கேட்டது. வெளியாள் கை வைத்ததாகப் போட்டால் வாரண்டி போய்விடும். மாற்றிய மூன்று பெட்டியின் செலவும் அவள் தலையில் விழும். கிரேக் அன்றைக்கே வண்டியை விற்பான். கோகுல்நாத் குரலைத் தாழ்த்தினான்.

"எலின்னு போட்டுடலாங்க ஆண்ட்டி. இங்க பாதி வண்டிக்கு எலிதானுங்க காரணம். எங்களுக்கும் நல்லது. மூணு பெட்டியை எதுக்கு மாத்தினீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

வயரை நிமிர்த்தி, மெழுகு நூலால் முடிச்சுப் போட்ட எலி. ராணுவத் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்து, மயிரிழைக் கோணலுக்கும் சரக்கைத் திருப்பி அனுப்பிய எலி. கிருபாவதிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

"போடு தம்பி. என் அடுக்களை டப்பாவ எல்லாம் உருட்டி, உசர வாரியா அடுக்கி வச்ச எலிதான்." கொஞ்சம் யோசித்தாள். "நல்ல எலின்னு போட இடம் இருக்கா?"

அவன் உண்மையாகவே தேடிப் பார்த்தான்.

"இல்லீங்க ஆண்ட்டி. வெறும் எலிதான் இருக்குது."

வெள்ளை நூலைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வண்டியில் உட்கார்ந்து கிரேக்குக்குப் போன் செய்தாள்.

"சரியாயிட்டுலே. எலியாம். விக்க வேண்டாம்."

"எலியா? டாடி இருந்திருந்தா எலி அந்தக் காடி கிட்டயே வந்திருக்காது, மம்மி."

"வந்திருக்காதுதான்" என்று போனை வைத்துவிட்டு, ஏசியை முழுதாகத் திருப்பினாள். கல்லறைப் பக்கம் திரும்பும்போது ஸ்டியரிங் ஒரு கைக்கே வளைந்தது.