பேபி வெண்ணிலாவின் வயது

எவர்சில்வர் கிண்ணத்தில் தலைச்சாயத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு ராஜாம்பாள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கனகா அடுப்படிக்குப் போய் டீ வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டது. நெற்றியிலிருந்து வலது காது வரைக்கும் முடி கறுப்பாக மினுங்கியது. இடப்பக்கம் நரை அப்படியே இருந்தது. செத்துப் பதினாலு மணி நேரம் ஆன மகளுக்குப் பல் விளக்கும் பழைய பிரஷ்ஷால் சாயம் பூசிக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள்.

கனகா குனிந்து தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடும்மா. போதும்."

"மெட்ராஸிலேருந்து ஆளுங்க வருவாங்கடி. பாப்பாவ இந்தக் கோலத்துலயா காட்டறது?"

யார் வருவார்கள் என்று கனகா கேட்கவில்லை. கேட்டால் அம்மா ஒரு பட்டியலே வாசிப்பாள். அதில் பாதிப்பேர் செத்துப்போய்விட்டார்கள், மீதிப்பேருக்கு இந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாது. கிண்ணத்தைப் பிடுங்கிக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து ஈரத்துணியால் அக்காவின் தலையைத் துடைத்தாள். துணிதான் கறுத்ததே தவிர, முடியில் ஏறியது இறங்கவில்லை.

செத்துக் கிடந்தவள் பெயர் கொளஞ்சி. அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட்டது அப்பா ஒருவர்தான். ஊருக்கு அவள் பேபி வெண்ணிலா. ஆறு வயதில் ஒரு படத்தில் தொலைந்துபோன பிள்ளையாக வந்து அழுதாள், தமிழ்நாடே கூட அழுதது. அதற்கப்புறம் ராஜாம்பாள் விருத்தாசலத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. புருஷனையும் இரண்டு வயதுக் கனகாவையும் இங்கே விட்டுவிட்டு, சம்பாதிக்கிற பிள்ளையோடு கோடம்பாக்கத்தில் ஒரு வாடகை அறையில் குடியேறிவிட்டாள்.

சினிமாவில் குழந்தைக்கு இருக்கிற பெரிய கெட்ட பழக்கம் வளர்ந்துவிடுவது. கொளஞ்சிக்கு ஒன்பது முடிந்தபோது பால்பற்கள் விழுந்து, கால் நீண்டு, கம்பெனிக்காரர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். ராஜாம்பாள் ஒரு நாள் பஸ் ஏறி ஊருக்கு வந்தாள். பெட்டியில் இருந்த கனகாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாள். ஒன்பது வயது ஒரே நாளில் ஐந்து வயதானது.

அந்த வருஷம்தான் கனகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சான்றிதழ் எங்கே என்று தலைமை ஆசிரியர் கேட்டார். அப்பா தலையைச் சொறிந்தார். கையைத் தலைக்கு மேலே போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடு என்றார் வாத்தியார். தொட்டாள். ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியை அவராகவே எழுதிக்கொண்டார். இன்றைக்கு வரைக்கும் கனகாவின் பிறந்தநாள் அந்த வாத்தியார் கொடுத்ததுதான். அக்கா மேல் அதற்காக அவளுக்கு எத்தனையோ வருஷம் ஆத்திரம் இருந்தது. தன் வயதைத் தின்றுவிட்டுப் போனவள் என்று நினைத்திருந்தாள்.

தின்றவள் யார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கொளஞ்சி பதினாலு வயதில் வாடகை அறையில் வயசுக்கு வந்தாள். ராஜாம்பாள் மூச்சு விடவில்லை. சடங்கு இல்லை, ஒரு முழம் பூ இல்லை. மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, கிராப்பு வெட்டி, பத்து வயதுப் பையனாக நடிக்க அனுப்பினாள். ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். பிறகு பதினெட்டில், அதுவும் வந்தவர்களிடம் பதினாலு என்று சொல்லி, கதாநாயகியாக்கினாள். மூன்று படம். ஜனங்கள் திரையில் பார்த்துவிட்டு, குழந்தையாக இருந்தபோது எவ்வளவு அழகு என்று உச்சுக் கொட்டினார்கள். அதற்கப்புறம் தங்கச்சி வேஷம், தோழி வேஷம், கூட்டத்தில் நிற்கிற விதவை வேஷம். முப்பத்தொன்பதில் இரண்டு தகரப்பெட்டியோடும் அம்மாவோடும் வந்து கனகா வீட்டு வாசலில் இறங்கினாள். கல்யாணம் என்ற பேச்சை எந்தக் காலத்திலும் யாரும் எடுத்திருக்கவில்லை.

கனகா செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவள். அவள் வீட்டுக்காரர் மதிவாணன் அங்கேயே சூளையில் வேலை செய்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு நாள் அக்காவையும் கம்பெனிக்கு அழைத்துப் போனாள். அத்தனை பெண்களும் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்று, அந்தப் படத்தில் அழுத மாதிரி ஒரு தடவை அழுது காட்டச் சொன்னார்கள். நாற்பது வயதுக்காரி உதட்டைப் பிதுக்கி, மழலையில் பேசி, அழுது காட்டினாள். கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து அவள் வாசற்படி தாண்டவில்லை. ஆறு வருஷம் முன்பு தலைக்குச் சாயம் பூச வந்த அம்மாவின் கையையும் தட்டிவிட்டாள். அவள் வாழ்க்கையில் வேண்டாம் என்று சொன்னது அநேகமாக அது ஒன்றுதான்.

போன மாதம், மஞ்சள்காமாலை முற்றி, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு, ஒரு மத்தியானம் கனகாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எனக்கு நெசமா எத்தினி வயசு கனகா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று கனகா நினைத்தாள். முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று புரிந்தது. ஆளுக்கு ஒரு வயது, படத்துக்கு ஒரு வயது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே கணக்கு தப்பிப்போயிருந்தது. அம்மாவிடம் கேட்டால் அம்மா இன்னும் நாற்பத்தெட்டுதான் என்பாள்.

"என்னவிட நாலு மூத்தவன்னு அப்பா சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. அம்பத்திரண்டு."

கொளஞ்சி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. "அம்பத்திரண்டா. பரவால்ல, இருந்துட்டுத்தான் போறேன். நான் செத்தா அதயே சொல்லு. அம்மா வாயத் தொறக்கறதுக்குள்ள சொல்லிரு."

சரி என்று கனகா கையில் அடித்துச் சொல்லியிருந்தாள். இன்று காலையிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். அழுகைகூட அதற்குப் பின்னால்தான் நின்றது.

கனகாவின் மகள் இளமதியின் சடங்கில் எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதில் கொளஞ்சி ஓரமாக நின்று, நரைத்த தலையோடு, வாய்விட்டுச் சிரிக்கிறாள். பேனருக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும், அடியில் வயது ஐம்பத்திரண்டு என்று போட வேண்டும் என்று கனகா விடிந்ததும் எடுத்து வைத்தாள். ஆனால் பாலக்கரையில் பேனர் கடை வைத்திருக்கிற பழமலைநாதன் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். ராஜாம்பாள் தகரப்பெட்டியைத் திறந்து வேறொரு படத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள். கனகா போன் போட்டுச் சத்தம் போட்டதற்குப் பழமலைநாதன் பணிவாகவே பதில் சொன்னான். நீங்க சொல்ற மொகத்த ஊர்ல யாருக்கும் தெரியாதுங்க, இந்த மொகம்னா எல்லாருக்கும் தெரியும், அச்சாயிடுச்சுங்க என்றான்.

பத்து மணிக்குப் பேனர் வந்தது. தெருமுனையில் ஒன்று, பாலக்கரையில் ஒன்று. ஆறு வயதுக் குழந்தை சுருட்டை முடியும் கன்னக்குழியுமாக எட்டடி உயரத்துக்குச் சிரித்தது. பேபி வெண்ணிலா இயற்கை எய்தினார் என்று போட்டிருந்தது. வயது எங்கேயும் இல்லை.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் ஐயோ பச்சைப் பிள்ளை என்று அடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கம்பெனியிலிருந்து வந்த பூவாயி சொன்னாள். இரண்டு பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு தேடியே வந்துவிட்டார்கள். நடுவீட்டில் பெரிய மனுஷி கிடப்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளை எங்கே என்பது போல அந்தண்டை இந்தண்டை பார்த்தார்கள். பிறகு அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள்.

உள்ளூர் கேபிள் டிவிக்காரர் கேமராவோடு வந்தார். அம்மாவின் முன்னால் மைக்கை நீட்டி வயது கேட்டார். நாற்பத்தெட்டு என்றாள் ராஜாம்பாள், கண்ணைத் துடைத்தபடி, கொஞ்சமும் தடுமாறாமல். கனகா வாயைத் திறந்தாள். வீடு நிறையச் சனம். பெற்றவளைப் பிணத்துக்கு முன்னால் பொய்க்காரியாக்குவதா என்று நாக்கு உள்ளேயே நின்றுவிட்டது. கேமரா அணைந்த பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கார் வரும், கார் வரும் என்று சொல்லி அம்மா மூன்று மணி வரைக்கும் எடுக்க விடவில்லை. ஒரு கார் வந்தது. வெள்ளைக் கார். ராஜாம்பாள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினாள். கண்ணாடியை இறக்கியவர் திட்டக்குடிக்கு இந்த வழியாகப் போகலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குமேல் மதிவாணன் பொறுக்கவில்லை. ஆட்களைக் கூப்பிட்டுப் பாடையைத் தூக்கச் சொன்னார்.

பெண்கள் வழக்கப்படி தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். ராஜாம்பாள் பேனரின் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, அதில் இருந்த முகத்தைப் பார்த்து, பாப்பா பாப்பா என்று கதறினாள். அன்றைக்கு அவள் கதறியது அப்போதுதான். பாடை அவளைக் கடந்து போனதை அவள் திரும்பிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. கனகா நிற்காமல் நடந்தாள். மதிவாணன் திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்க வர்ற? பொம்பளைங்க அங்க வர்ற பழக்கமில்ல."

"எங்கக்கா சேதி ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்."

அவர் முன்னால் திரும்பிப் பாடையோடு நடந்தார்.

கல்யாணம் ஆகாதவர்களை எரிப்பதில்லை, புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். மணிமுத்தாற்றங்கரைச் சுடுகாட்டில் குழி தயாராக இருந்தது. குழி வெட்டுகிற தங்கராசு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. முன்னால் போனவர்கள் குழியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். கனகா அவர்களை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தாள்.

மூன்றரை அடி நீளம் இருக்கும். ஓரங்களை மம்பட்டியால் வழுவழுவென்று சீவியிருந்தார். அடியில் ஒரு கல் இல்லை. பொடிமணலைச் சலித்துப் பரப்பி, தலை வைக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக, தலையணை மாதிரி மேடாக்கியிருந்தார்.

தங்கராசு பாடையையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலையில பாலக்கரையில பேனரப் பாத்தேம்மா. முனிசிபாலிட்டி மேஸ்திரி போன்ல பொதைக்கணும்னாரு. பேனர்ல இருக்கற புள்ளயான்னு கேட்டேன். ஆமான்னாரு." கையிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம்பேத்தி வயசுன்னு நெனச்சி வெட்டிட்டேன்."

மதிவாணன் தலையைக் குனிந்துகொண்டார். தூக்கி வந்தவர்கள் தோள் மாற்றினார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. நகராட்சிக்குக் கொடுக்கிற நோட்டு தங்கராசுவின் இடுப்பில் இருந்தது. அவர் அதை உருவி, பேனாவைத் தேடி, பெயரும் வயதும் கேட்டார்.

"அவ பேரு கொளஞ்சி," என்றாள் கனகா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அம்பத்திரண்டு வயசு. பெரிய பொம்பளண்ணே. அதுக்குத் தக்கன வெட்டுங்க."

தங்கராசு எழுதிக்கொண்டார். பிறகு நோட்டை மடித்து வைத்துவிட்டு, பாடையை இறக்கச் சொன்னார். மம்பட்டிக் காம்பால் தலையிலிருந்து கால் வரைக்கும் அளந்து, குழியின் கால்மாட்டில் தள்ளி ஒரு கோடு கிழித்தார். அந்தப் பக்கம் மண் கெட்டியாக இருந்தது. கடப்பாரை போட வேண்டியிருந்தது. கனகா அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் வெட்டி முடிக்கிற வரைக்கும் முந்தானையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.