மொரேனாவுக்கு விழுந்த கல்

பருந்தைக் காப்பாற்றுகிறேன் என்று பெகோஞா ஸ்பெயினிலிருந்து சம்பளமில்லாமல் இந்த டொமினிகன் மலையூருக்கு வந்து மூன்று வருடமாகிறது. அதில் நாலு மாதத்தை, ஊரே 'தோன்' என்று மரியாதையாகக் கூப்பிடும் எவாரிஸ்தோ ஒருவரே விழுங்கிவிட்டார். கோழிக்குஞ்சைத் தூக்க வரும் பருந்தைக் கல்லாலேயே சாய்க்கிற மனுஷர். இலவசமாகக் கோழிக்கூடு கட்டிக்கொடுத்தாள். அதில் சண்டைச்சேவலைக் குடிவைத்துவிட்டுக் குஞ்சுகளை வெளியே மேயவிட்டார். இன்னொன்றும் கட்டினாள். தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசி, ஒருவழியாக அவர் கையிலிருந்த கல்லை இறக்கினாள்.

இன்று காலை அவர் வேலியோரம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எவாரிஸ்தோ விரலை வாயில் வைத்துச் சீழ்க்கையடித்தார். போன மாதம் அவள் காட்டில் விட்ட, காலில் சிவப்பு வளையம் போட்ட பருந்து மாமரத்திலிருந்து இறங்கி, அவர் கையிலிருந்த கோழிக்குடலைக் கொத்தித் தின்றது.

"பாத்தியா மகளே? மொரேனான்னு பேரு வெச்சிருக்கேன். கூப்பிட்டா வந்துடறா!" முகமெல்லாம் பல்.

பெகோஞாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மனித முகமே தெரியக்கூடாதென்று, இரண்டு மாதம் குழாய் வழியாகத் தீனி தள்ளி வளர்த்த பறவை அது.

"யாரு தோன் உங்களை ஊட்டிவிடச் சொன்னா? பயம் விட்டுப்போனா பக்கத்து ஊர்க்காரன் அடிச்சே கொன்னுடுவான். சனிக்கிழமை எங்க ஆபீஸ்லேர்ந்து இதைப் பாக்க வர்றாங்க. இப்படிக் கைக்கு வந்துச்சுன்னா ஆயுசுக்கும் கூண்டுதான்!"

"நீதானே அதுமேல பாசம் வைக்கச் சொன்னே?"

"கல்லெறியாதீங்கன்னுதான் சொன்னேன்! இப்ப எறியுங்க. மேல படாம, பக்கத்துல."

"என் கை வராது. நீ வேணா எறி."

எறிந்தாள். விழுந்த கல்லைத் தீனியென்று மொரேனா எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டு நிழலில் டோமினோ ஆடியவர்கள் சிரித்தார்கள். "பருந்தைக் காப்பாத்த வந்த பொண்ணோட லட்சணத்தைப் பாருங்கடா!"

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கல்லைக் குறியில்லாமல் வீசினாள். அது சிறகை உரசிக்கொண்டு போனது. மொரேனா வீறிட்டுக் காட்டுப்பக்கம் பறந்தது.

எவாரிஸ்தோ மிச்சக் குடலைக் கீழே போட்டார்.

"இதைத்தானே மகளே நான் மொதல்லேர்ந்து செஞ்சுட்டிருந்தேன்?"

அவளுக்கு அழுகை வந்தது, அவர்மேலா தன்மேலா என்று தெரியாத கோபமும் வந்தது. அதற்குள் அவர் காட்டைப் பார்த்தபடி பழக்கதோஷத்தில் விரலை வாய்க்குக் கொண்டுபோனார். பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று திங்கட்கிழமைதான். சனிக்கிழமை வரைக்கும் இந்தக் கையை எப்படிப் பிடித்துக்கொண்டே நிற்பது?