ஒற்றைக்காதன் சாகவேண்டிய ஞாயிறு

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ரப்பர் கிண்ணத்தில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. யாரோ ஒரு பெரியவரின் கீழ்த்தாடை அச்சு பக்கத்தில் தயாராக இருந்தது. பிளாஸ்டரில் தண்ணீர் பட்டுவிட்டால் ஐந்தாறு நிமிடம்தான், அதற்குள் ஊற்றியாக வேண்டும். ஒரு எட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுவோமே என்று கைபேசியைத் திருப்பினாள். கொழுந்தன் அனுப்பியிருந்தான்.

"அண்ணி, இந்த ஞாயிறு ஒத்தக்காதன் செத்துடணும். நல்ல சாவா இருக்கட்டும். மத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்ல வேணாம்."

மூன்று தடவை படித்தாள். நிமிர்ந்தபோது கரண்டி கிண்ணத்தில் நட்டுவைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. பதினாறு வருடமாகப் பல்செட் செய்கிறாள். கிண்ணத்திலேயே பிளாஸ்டரை இறுகவிட்டது அதுதான் முதல் தடவை.

ஒற்றைக்காதன் காகிதத்தில் வாழ்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய லேபுக்கு விடுமுறை. பல் அச்சுகளை அலமாரிக்கு ஏற்றிவிட்டு அந்த மேசையைச் சுற்றி நான்கு பேர் கதையாட்டம் ஆட உட்காருவார்கள். அவள் கதை சொல்வாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். குதிக்கிறேன், வெட்டுகிறேன் என்று அவர்கள் சொல்லலாம். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலித்தது. வாரமெல்லாம் பேருந்தை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டும் டிரைவர், கதையில் வாளைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடுவார். வாய் ஓயாத தங்கைக்கு மந்திரக்காரி வேடம். நிலத்தை அளந்து வரைபடம் போடுகிற கொழுந்தன்தான் வழிகாட்டி. மிஞ்சிய பிளாஸ்டரில் அவள் அவனுக்கு ஒரு பொம்மை செய்தாள். செய்த அன்றே கைதவறிப் போட்டதில் ஒரு காது போனது. "இருக்கட்டும் அண்ணி, ஓநாய் கடிச்சிடுச்சுன்னு வெச்சுக்கலாம்" என்று சிரித்தான். வழிகாட்டிக்கு ஒற்றைக்காதன் என்றே பெயர் நின்றுவிட்டது. ஆறு வருடமாகிறது.

உடனே அவனை அழைத்தாள்.

"என்னப்பா திடீர்னு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. ரொம்ப தூரம் நடந்துட்டான் பாவம். போதும்னு தோணுது."

"யாருக்குப் போதும்?" என்று கேட்க வாய் வரை வந்தது. பைத்தியமா என்று நினைத்துக்கொள்வானோ என்று விழுங்கிவிட்டாள். "சாப்டியா?" என்று கேட்டாள். "ஆச்சு அண்ணி" என்றான்.

பாத்திரங்களின் விவரம் எழுதிய தாள்கள் எல்லாம் அவளிடம்தான் ஒரு கோப்பில் இருக்கும். போன வாரம் கிளம்பும்போது அவன் தன் தாளை வழக்கத்துக்கு மாறாகக் குப்புறக் கவிழ்த்து உள்ளே வைத்தது நினைவுக்கு வந்தது. எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம், வரைபடத்துக்கு எழுதும் அந்த அழகான கையெழுத்தில், ஒற்றைக்காதனின் உடைமைகள் யார் யாருக்கு என்று எழுதியிருந்தது. கயிறு, டிரைவரின் வீரனுக்கு. அணையாத விளக்கு, மந்திரக்காரிக்கு. கம்பளிப் போர்வை, வழியில் குளிரில் நிற்கும் முதல் ஆளுக்கு. கடைசி வரி: பகடைகள், அண்ணிக்கு.

கயிறும் விளக்கும் காகிதத்தில் இருப்பவை. பகடைகள் அவனுடைய சட்டைப்பையில் இருப்பவை. நீலக் கண்ணாடிப் பகடைகள், முதல் சம்பளத்தில் வாங்கியவை. யாரையும் தொடக்கூட விடமாட்டான். சாகப்போகிறவன் ஒற்றைக்காதன் என்றால் இவன் எதற்குத் தன் பகடையைக் கொடுக்கிறான்?

காரணம் தேடிப் பார்த்தாள். வேலை ஒழுங்காக இருந்தது. தனி அறை எடுத்துப் போய் ஒரு வருடம் ஆகிறது, ஆனால் தனியாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஜோக் சொன்னால் சிரிக்கிறான். கடைசியில் சிரிக்கிறான் என்பதே அவளுக்குப் பயமாகிப்போனது. கப்பலில் வேலை பார்க்கும் கணவனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் லைன் கிடைத்தது. "விளையாட்டுல ஒரு பொம்மை சாகுறதுக்கா இப்படிப் பதறுற? அவன் சின்ன வயசிலேயே அப்படித்தான், எதையும் சொல்லமாட்டான்" என்றான். அந்த இரண்டாவது வாக்கியம் அவளைத் தூங்கவிடவில்லை.

அவள் கதையில் இதுவரை ஒரே ஒருவர்தான் செத்திருக்கிறார். முதல் வருடத்தில் டிரைவரின் முதல் வீரன். டிரைவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர் மூன்று மாதம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்த அன்று தங்கை ஒரு பிளாஸ்டர் டப்பா மூடியில் மார்க்கரால் எழுதிச் சுவரில் மாட்டினாள்: 'ஆளைப் பறிகொடுத்தவர் புது ஆளை எழுதாமல் எழுந்திருக்கக்கூடாது.' அதற்கப்புறம் அந்த மூடிக்கு வேலையே வரவில்லை. யாராவது சாகிற நிலைக்கு வந்தால் அவள் தன் முன்னால் நிறுத்தியிருக்கும் அட்டை மறைப்புக்குப் பின்னால் தன் பகடையை விரலால் புரட்டிவிடுவாள். மூன்று பேருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

ஒற்றைக்காதனைக் காப்பாற்றினால், தான் சொன்னது அண்ணி காதில் ஏறவில்லை என்று அவன் நினைப்பான். கொன்றால், சரி போ என்று அவளே வழியனுப்பிவைத்த மாதிரி ஆகும். நான்கு நாளும் இதே குடைச்சல். சனிக்கிழமை ஒரு மேல்தாடையில் பற்களை இடவலம் மாற்றி வைத்துவிட்டாள். பிரித்துத் திரும்ப வைக்கும்போதுதான் சுவரிலிருந்த மூடி கண்ணில் பட்டது.

ஞாயிறு வந்தது. கொழுந்தன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். "பொண்ணு பாக்கப் போறீங்களா மாமா?" என்றாள் தங்கை. எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் தாள்களை எடுத்து அடுக்கினாள்.

கதையில் மழை. ஆற்றின்மேல் தொங்கும் பாலம் அறுந்துகொண்டிருந்தது. ஒற்றைக்காதன் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு மற்ற இருவரையும் அக்கரைக்கு அனுப்பினான். அவள் அட்டை மறைப்பை மடக்கிக் கீழே வைத்தாள். "எல்லார் முன்னாடியும் உருட்டு" என்றாள். நீலப் பகடை உருண்டது. நான்கு. திரும்ப உருண்டது. இரண்டு.

"அக்கா, ஏதாவது பண்ணுங்கக்கா!" டிரைவர் எழுந்தே விட்டார். "நான் திரும்ப ஓடுறேன், அவனைப் புடிக்கிறேன்!"

"பாலம் இல்லண்ணே" என்றான் கொழுந்தன், அமைதியாக. ஒற்றைக்காதனை ஆறு கொண்டுபோனதை அவள் சொல்லி முடித்தபோது தங்கை மூக்கை உறிஞ்சினாள். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய் ஷூ மாட்ட உட்கார்ந்தார். மணி ஐந்தே கால். கொழுந்தன் பொம்மையை மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தான். பகடைகளை ஒன்றுசேர்த்து அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தான்.

"சூப்பரா முடிச்சீங்க அண்ணி. அப்ப நான் வரேன்."

"புது ஆள்?" என்றாள் தங்கை, மூடியைக் காட்டி.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"உக்காருப்பா." அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "எழுதிட்டுப் போ. எவ்வளவு நேரமானாலும் சரி."

அவளை ஒரு கணம் பார்த்தான். உட்கார்ந்தான். வெற்றுத் தாளையும் பென்சிலையும் முன்னால் வைத்தாள். மேலே பெயருக்கு ஒரு கட்டம். அதன் கீழே தொழில், திறமை, ஆசை. கடைசியில் அவள் தன் கைப்பட வரைந்து சேர்த்த கட்டம்: இவனுக்கு எதைக் கண்டால் பயம்? ஒற்றைக்காதனுக்கு அதில் 'வாத்து' என்று எழுதி ஆறு வருடம் எல்லாரையும் சிரிக்கவைத்தவன் இவன்.

பெயர்க் கட்டத்தை விட்டான். தொழிலை விட்டான். பென்சில் நேராகக் கடைசிக் கட்டத்துக்கு இறங்கி ஒரே வரி எழுதியது. தாளை அவள் பக்கம் திருப்பினான்.

'ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் கிளம்புற நேரம்.'

படித்தாள். புதன்கிழமை விழுங்கியதை இப்போதும் விழுங்கிவிட்டால் அப்புறம் எப்போது?

"தம்பி, செத்துடலாம்னு தோணுதா உனக்கு?"

தங்கை "அக்கா!" என்றாள். வாசலில் டிரைவரின் கை ஷூ நாடாவிலேயே நின்றது. கொழுந்தன் சாய்ந்து கிடந்த பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சில நாள்" என்றான். பிறகு, "இப்ப கொஞ்ச நாளா தினமும்."

நான்கு நாள் பயத்துக்கு இப்போதுதான் முகம் தெரிந்தது. முகம் தெரிந்த பயத்தோடு ஒரே மேசையில் உட்காரவாவது முடியும். எழுந்து அவன் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். நீலப் பகடைகளை அவன் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"கயிறு, விளக்கு எல்லாம் அவங்க எடுத்துக்கட்டும். இது ஒத்தக்காதனுது இல்ல, உன்னுது. நான் வாங்கிக்க மாட்டேன். நீ இன்னிக்கு அந்த ரூமுக்குப் போகல, நம்ம வீட்டுக்குத்தான் வர்ற. காலைல நான் லீவு. ரெண்டு பேரும் டாக்டரைப் போய்ப் பாக்குறோம்."

அவன் கண் நிறைந்து வழிந்தது. டிரைவர் மாட்டியிருந்த ஒற்றை ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு காலில் சாக்ஸோடு வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"பேர் என்னடா மாப்ளே? அத எழுதலையே நீ."

தங்கை விளக்கைப் போட்டாள். அலமாரியில் வரிசையாக இருந்த பல் அச்சுகள் வெள்ளையாகத் தெரிந்தன. கொழுந்தன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயர்க் கட்டத்தில் பென்சில் முனையை வைத்தான். எழுதவில்லை, எடுக்கவும் இல்லை. அவன் திருகத் திருக முனைக்கடியில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.