கிராஃபீனுக்கு வைத்த சந்தனம்

சிங்கம்புணரிக் கிடங்கில் மூட்டையைப் பிரித்ததுமே பூஞ்சை வாடை அடித்தது. நாகநாதன் கார்த்திகையில் விதைக்க வைத்திருந்த கடலை அத்தனையும் வீண்.

காரைக்குடி ஆய்வகத்திலிருந்து வந்த நித்யஸ்ரீ, சுவரில் தான் மாட்டியிருந்த பெட்டியைக் கழற்றினாள். உள்ளே இருந்த கிராஃபீன் ஏடு, பென்சில் கரியை அணுவளவு மெலிதாக உரித்தது, காற்றின் ஈரத்தை உணரும். எவ்வளவு குளிர்ந்தால் அது பனியாகப் படியும் என்றும் காட்டும். வெளியைவிட உள்ளே ஈரம் மிகுந்தால் விசிறி தானே ஓடி வெளிக்காற்றை இழுக்கும்.

"பென்சில் கரி ஈரம் பாக்கும்னீகளே தாயி! அதுக்கு என் மூக்கே போதுமே" என்றார் நாகநாதன்.

பெட்டியின் காற்றுத் துளைகளை அடைத்துச் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூசையன்று தராசுக்கும் டிராக்டருக்கும் வைத்த கையோடு, அவர் மனைவி வீரலட்சுமி இதற்கும் குழைத்து அப்பியிருந்தார். பெட்டி அதைக் கிடங்கின் ஈரமென்று நம்பி விசிறியைப் போட்டுவிட்டது. வீட்டார் பூட்டிவிட்டு மகள் ஊருக்குப் போயிருந்தார்கள். அடைமழைக் காற்று முழுவதும் மூட்டைகளின்மேல் இறங்கியது.

தண்ணீர் படக்கூடாது என்று நித்யஸ்ரீ சொல்லியிருந்தாள். சந்தனத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

பெட்டியின்மேல் தப்பென்றால் ஆய்வும் அவள் வேலையும் அன்றோடு முடியும். ஆய்வக அதிகாரி காலையிலேயே சொல்லிவிட்டார்.

நாகநாதன் மனைவியைக் கைகாட்டினார். "இவ கை வச்சாளா? சொல்லுங்க. இன்னைக்கே அவ அண்ணன் வீட்டுக்குப் பத்திவிடுறேன்."

வீரலட்சுமி ஒன்றும் புரியாமல் முறத்தோடு நின்றார். நித்யஸ்ரீ திரும்பி நின்று துப்பட்டா நுனியால் பெட்டியைத் துடைத்தாள்.

"யாரும் தொடலைங்கய்யா. பெட்டிதான் கெட்டுப்போச்சு. எங்க தப்பு."

முறம் கீழே விழுந்தது.

"ஒன்னய நம்பித்தானடி வெதையப் போட்டு வச்சோம்!" வீரலட்சுமி அவள் முகத்துக்கு நேரே கத்தினார். "எங்க வயித்துல அடிச்சுட்டியே, நீ வெளங்குவியா? படிச்ச திமிரு!"

நித்யஸ்ரீ பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினாள். பின்னால் நாகநாதனின் குரல் தணிந்து கேட்டது:

"அழுகாத வீரு. நீ என்ன செய்வ? வா, கஞ்சியக் குடி."

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கையில் நித்யஸ்ரீ குன்றக்குடி முருகனை நினைத்துக்கொண்டாள். அந்தக் கஞ்சியாவது அந்த அம்மாளுக்கு இறங்கட்டும் என்று வேண்டினாள். தனக்கென்று எதையும் கேட்க வாய் வரவில்லை.